தோல்விக்குப் பிறகும் கேப்டன்: ரிச்சி மெக்காவ் குறித்த வாசகர் கேள்விகள்

நியூசிலாந்து ரக்பி அணியான ஆல் பிளாக்ஸின் முன்னாள் கேப்டன் ரிச்சி மெக்காவ் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே பொருளைத் தொட்டு வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

திருச்சி வாசகி: ரக்பியின் விதிகள்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் விளையாட்டுப் பக்கங்களில் மெக்காவின் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அவரை ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறார்கள்?

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்குப் பதினைந்து பேர். ஆட்ட நேரம் 80 நிமிடம். பந்தைக் கையால் பின்பக்கமாக மட்டுமே சக ஆட்டக்காரருக்குக் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் பந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது ட்ரை, ஐந்து புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் இரண்டு. எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் போட்டு அது எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் டிராப் கோலுக்கும் தலா மூன்று.

மெக்காவ் 2001 முதல் 2015 வரை 148 டெஸ்ட் ஆட்டங்களில், அதாவது நாட்டு அணிகள் மோதும் ஆட்டங்களில் ஆடினார். அவற்றில் 131-இல் அவருடைய அணி வென்றது. 110 ஆட்டங்களில் கேப்டனாக இருந்து 97-இல் வெற்றி கண்டார். நூறு டெஸ்டுகளில் ஒரு நாட்டு அணியைத் தலைமை தாங்கியவர் அவருக்கு முன் உலகில் எவருமில்லை. உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 2006, 2009, 2010 என மூன்று முறை பெற்றார். 2011-லும் 2015-லும் உலகக் கோப்பையை வாங்கியபோது, அதை இரு முறை கையில் ஏந்திய முதல் கேப்டன் ஆனார். பின்னர் 2019, 2023 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் சியா கொலிசி அந்தப் பெருமையில் அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஆனால் எண்களை மட்டும் வைத்து அவரை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நூறாண்டுக்கும் மேலாக ஆடிய ஆட்டங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றை வென்றுவரும் அணி ஆல் பிளாக்ஸ். அந்த அணிக்குக் கேப்டனாக வருபவர் யாராக இருந்தாலும் வெற்றிக் கணக்கு நன்றாகத்தான் இருக்கும். மெக்காவைத் தனித்துக் காட்டுவது, 2007-இல் கார்டிஃப் நகரில் நேர்ந்த தோல்விக்கும் 2011-இல் ஆக்லாந்தில் கிடைத்த வெற்றிக்கும் இடைப்பட்ட நான்காண்டுகளில் அவர் தன்னை எவ்வாறு மாற்றிக்கொண்டார் என்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மதுரை வாசகர்: அவர் சிறு வயதிலேயே பெரிய திறமைசாலியாக அறியப்பட்டவரா?

இல்லை. 1980 டிசம்பர் 31 அன்று நியூசிலாந்துத் தென் தீவின் ஓமரு நகரில் பிறந்து, ஹக்கடரமேயா பள்ளத்தாக்கில் குடும்பத்தின் பண்ணையில் வளர்ந்தவர் அவர். பதின்ம வயதில் டனீடின் நகரத்து ஒட்டாகோ ஆண்கள் உயர்நிலைப் பள்ளி விடுதியில் சேர்ந்த பிறகுதான் ரக்பியில் முழுமையாக இறங்கினார். அந்த வயதில் அவரைவிட வேகமான, உடல் வலுமிக்க பையன்கள் பலர் இருந்தார்கள். உழைப்பில் அவரை மிஞ்சியவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய தாய்மாமன் பற்றிய நிகழ்ச்சி ஒன்று நியூசிலாந்தில் பலருக்கும் தெரியும். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் ஒரு நாள் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, "என்னவாக ஆக விரும்புகிறாய்?" என்று மாமா கேட்டார். ஆல் பிளாக்ஸ் அணியில் ஆட வேண்டும் என்றான் பையன். அதை அடைய எந்தெந்தப் படிகளை எப்போது தாண்ட வேண்டும் என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுத வைத்த மாமா, வெறும் ஆல் பிளாக்காக இருந்தால் போதாது, மகத்தான ஆல் பிளாக்காக வேண்டும், அதையும் எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். அவ்வளவு பெரிய வார்த்தைகளை முழுதாக எழுதக் கூச்சப்பட்ட பையன், 'கிரேட் ஆல் பிளாக்' என்பதன் ஆங்கில முதல் எழுத்துகளான ஜி.ஏ.பி. என்பதை மட்டும் எழுதி, யார் கண்ணிலும் படாதபடி வீட்டில் வைத்துக்கொண்டான். அந்த மூன்றெழுத்தைப் பிற்காலத்தில் ஆட்டக் குறிப்பேடுகளிலும் அவர் எழுதிவந்தார்.

லிங்கன் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துக்கொண்டே கேன்டர்பரி மாகாண அணிக்கு ஆடினார். 2001-இல் ஆல் பிளாக்ஸுக்குத் தேர்வானபோது, தொழில்முறைப் போட்டியான சூப்பர் 12-இல் சில நிமிடங்களே ஆடியிருந்தார். அதே இடத்தில் ஆடிப் புகழ்பெற்ற ஜாஷ் க்ரான்ஃபெல்ட், இப்படிக் கொடுப்பதானால் யாருக்கு வேண்டுமானாலும் கருப்புச் சட்டையைக் கொடுத்துவிடலாம் என்ற பொருளில் குறை கூறினார். அந்த நவம்பரில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரான முதல் டெஸ்டில், 7-21 எனப் பின்தங்கியிருந்த நியூசிலாந்து 40-29 என வென்றது; இருபது வயது மெக்காவ் ஆட்டநாயகன் ஆனார்.

கண்டி வாசகர்: எங்கள் ஊரில் பள்ளி ரக்பி பார்த்தே வளர்ந்தவன் நான். மெக்காவ் நடுவரை ஏமாற்றியே பந்தைப் பிடுங்கியவர் என்று எதிரணி ரசிகர்கள் சொல்வதை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். இதில் உண்மை உண்டா?

ஆட்டம் தெரிந்தவர் கேட்கிறீர்கள். எனவே சற்று நுணுக்கமாகவே விடை சொல்ல வேண்டும்.

மெக்காவ் ஏழாம் எண் சட்டைக்காரர், அதாவது ஓப்பன்சைடு ஃப்ளாங்கர். பந்தோடு ஓடி வருபவரை ஒருவர் டேக்கில் செய்து வீழ்த்தும் கணத்தில்தான் இந்த ஆட்டக்காரரின் முதன்மையான வேலை தொடங்குகிறது. விழுந்தவர் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். வீழ்த்தியவரும் அவரை விட்டுவிட்டு எழ வேண்டும். இரு தரப்பிலிருந்தும் ஆட்கள் வந்து, பந்துக்கு மேலே நின்றபடி ஒருவரையொருவர் தள்ளத் தொடங்கிவிட்டால் அது ரக் ஆகிவிடும். அதன்பின் புதிதாக யாரும் பந்தில் கை வைக்கக் கூடாது. ஆக, டேக்கிலுக்கும் ரக்குக்கும் நடுவே ஒரு நொடியோ அதற்கும் குறைவாகவோ ஓர் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில், சொந்தக் காலில் நின்றுகொண்டு, தன் அணியின் பக்கத்திலிருந்து முறையாக நுழைந்து, குனிந்து பந்தைப் பற்றிவிட்டால், ரக் உருவான பிறகும் பற்றியவர் பந்திலிருந்து கையை எடுக்க வேண்டியதில்லை. விழுந்தவர் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டால் பெனால்டி கிடைக்கும். விட்டால் பந்தே கிடைக்கும். கபடியில் பாடிப் போனவர் தன் கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவு வந்துவிட்டார் என்று பார்த்துப் பாய்கிற பிடிகாரரைப் போல, பந்தோடு வருபவருக்கும் அவருக்குத் துணையாக ஓடி வருபவர்களுக்கும் உள்ள தூரத்தை மெக்காவ் ஓடிக்கொண்டே அளந்துவிடுவார். துணை நெருக்கமாக இருந்தால் அந்தப் பந்தை விட்டுவிட்டு அடுத்த டேக்கிலுக்கு நகர்ந்துவிடுவார். இந்த விட்டுவிடுதலைப் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. ஆனால் எந்தப் பந்துக்குப் போகக் கூடாது என்று தெரிந்திருந்ததால்தான், அவர் போன பந்துகள் பெரும்பாலும் கைக்கு வந்தன.

ஏமாற்றினாரா என்றால், எல்லைக்கோட்டின் மீது ஆடினார், சில வேளைகளில் தாண்டவும் செய்தார், அதற்குத் தண்டனையும் பெற்றார். பதினான்கு ஆண்டுகள், உலகின் எல்லா முன்னணி நடுவர்களின் கண்முன்னே, எதிரணிகள் ஒவ்வொன்றும் அவரைக் கவனியுங்கள் என்று முறையிட்டுக்கொண்டிருந்த நிலையில் வெறும் ஏமாற்றை வைத்து ஒருவர் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்பது என் கருத்து. ஒவ்வொரு நடுவரும் எதை அனுமதிப்பார், எதற்கு விசில் ஊதுவார் என்பதை முன்கூட்டியே படித்து வந்து, முதல் சில நிமிடங்களில் சோதித்துப் பார்த்து, அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்வார். வீழ்த்தியவர் விழுந்தவரை முழுமையாக விட்டுவிட்ட பிறகே பந்தைத் தொட வேண்டும் என்று 2010-இல் நடுவர்கள் கறாராகச் செயல்படத் தொடங்கியபோது, மெக்காவின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். அந்த ஆண்டும் உலகின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

ஆக்லாந்தில் வசிக்கும் தமிழ் வாசகர்: 2007 தோல்வியைப் பற்றி இங்குள்ளவர்கள் இன்றும் வேதனையோடு பேசுகிறார்கள். அவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகும் மெக்காவைக் கேப்டனாக வைத்துக்கொண்டது ஏன்?

2007 அக்டோபர் 6, கார்டிஃப். உலகக் கோப்பையை வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த நியூசிலாந்து, கால் இறுதியில் பிரான்ஸை எதிர்த்து ஆடியது. இடைவேளையில் 13-3 என முன்னிலை. முடிவில் 18-20. உலகக் கோப்பை வரலாற்றில் அரை இறுதிக்கே போகாமல் ஆல் பிளாக்ஸ் திரும்பிய முதல் தடவை அதுதான். அந்தத் தொடருக்கு ஆயத்தமாக, முக்கிய ஆட்டக்காரர்கள் 22 பேரை உள்நாட்டுத் தொடரின் முதல் பாதியிலிருந்து விலக்கி வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள் என்பதால் மக்களின் கோபம் இன்னும் கூடியது.

பிரான்ஸின் கடைசி ட்ரைக்கு முன் பந்து முன்பக்கமாகக் கொடுக்கப்பட்டது உண்மை. நடுவர் வெய்ன் பார்ன்ஸ் அதைக் கவனிக்கவில்லை. இளைஞரான அந்த நடுவர் மீது நியூசிலாந்து ரசிகர்கள் பலர் கொட்டிய வசைக்கு எவ்வித நியாயமும் இல்லை. ஏனெனில் அதன்பின்னும் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் ஆட்டம் மீதமிருந்தது; தேவைப்பட்டது ஒரே ஒரு டிராப் கோல். உதைப்பதில் வல்லவரான டான் கார்ட்டரும் அவருக்கு மாற்றாக வந்த நிக் எவன்ஸும் காயத்தால் வெளியேறியிருந்தார்கள். எஞ்சியவர்கள் பதற்றத்தில் முட்டி மோதிக்கொண்டே இருந்தார்கள். கம்பங்களுக்கு அருகே நெருங்கி, நிதானமாக ஓர் உதைக்கு வழி செய்யும் தெளிவு யாருக்கும் வரவில்லை. அந்த அணியின் கேப்டன் மெக்காவ். 26 வயது, முழுநேரக் கேப்டனாகி ஓராண்டைச் சற்றே தாண்டியிருந்தது.

உலகக் கோப்பையில் தோற்றால் பயிற்சியாளரை மாற்றுவது அந்நாட்டு வழக்கம். அந்த முறை ரக்பி வாரியம் அதைச் செய்யவில்லை. ராபி டீன்ஸ் என்ற வெற்றிகரமான பயிற்சியாளர் போட்டியில் இருந்தும், கிரஹாம் ஹென்றியையே மீண்டும் நியமித்தது. ஹென்றியோடு மெக்காவும் தொடர்ந்தார். நாடு முழுவதும் எதிர்ப்பு இருந்த வேளையில் எடுக்கப்பட்ட அந்த முடிவு, தோல்வியிலிருந்து கற்றதைத் தோற்றவர்களே பயன்படுத்தும் வாய்ப்பை அவர்களுக்குக் கொடுத்தது. நியூசிலாந்து ரக்பியின் மிகத் துணிச்சலான நிர்வாக முடிவு அதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

கற்றது என்ன என்பதுதான் முக்கியம். நாட்டுக்காகக் கால்பந்து ஆடியவரும் மனநல மருத்துவருமான கேரி எவன்ஸ், அணியின் மனப் பயிற்சியாளர் கில்பர்ட் எனோகா ஆகியோருடன் ஆட்டக்காரர்கள் உழைத்தார்கள். நெருக்கடியில் மனம் இரண்டில் ஒரு நிலைக்குப் போகிறது என்பது அவர்கள் கற்பித்த அடிப்படை. ஒன்று சிவப்பு நிலை: பதற்றம், கோபம், முடிவைப் பற்றிய பயம், பார்வை குறுகிப்போதல். மற்றொன்று நீல நிலை: இப்போது செய்ய வேண்டிய வேலை எது என்று தெளிவாகத் தெரிதல். சிவப்பு நிலைக்குப் போவதைத் தடுக்க முடியாது. போய்விட்டோம் என்று உணர்ந்து திரும்பி வரப் பழகலாம். மூச்சை ஆழ இழுத்து விடுவது, காலைத் தரையில் அழுத்தி ஊன்றி உணர்வது, அரங்கின் தொலைவான ஓரத்தை நிமிர்ந்து பார்ப்பது எனச் சிறு சிறு வழிகளை ஒவ்வொருவரும் தமக்கெனப் பழகிக்கொண்டார்கள். படிக்கும்போது எளிமையாகத் தெரியும் இவற்றை ஆயிரக்கணக்கானோர் கத்தும் அரங்கில், மூச்சு வாங்கும் நிலையில், தானாக வரும் அளவுக்குப் பழக ஆண்டுகள் பிடித்தன. இடையில், 2009-இல் ஒரே ஆண்டில் தென்னாப்பிரிக்காவிடம் மூன்று முறை தோற்றார்கள். மெக்காவ் தன் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் எழுதிய சொற்களில் "மீண்டும் தொடங்கு" என்பதும் ஒன்று.

கோவை வாசகர்: 2011 உலகக் கோப்பையை முறிந்த காலோடு ஆடினார் என்பது மிகைப்படுத்தலா?

மிகை இல்லை. 2011 தொடக்கத்தில் அவருடைய பாதத்தில், சுண்டு விரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பு முறிந்து, அதில் திருகாணி ஒன்றைச் செலுத்தினார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று அவர் வாழ்ந்த கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கி 185 பேர் இறந்தார்கள். அவருடைய க்ரூசேடர்ஸ் அணியின் சொந்த அரங்கு பயன்படுத்த முடியாதபடி சேதமாகிவிட, அந்த ஆண்டு முழுவதும் அணி ஊர் ஊராகப் போய் ஆடியது. கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஒதுக்கியிருந்த உலகக் கோப்பை ஆட்டங்களும் வேறு நகரங்களுக்குப் போயின. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கோப்பை கிடைக்காத நாடு, சொந்த மண்ணில் நடக்கும் தொடர், துயரத்தில் இருக்கும் சொந்த ஊர் என எல்லாச் சுமையும் ஒன்றாக வந்தன.

தொடரின் நடுவே அதே பாதம் மீண்டும் கெட்டது. பயிற்சிகளைத் தவிர்த்துவிட்டு ஆட்ட நாட்களில் மட்டும் களமிறங்கினார். எக்ஸ்-ரே எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எடுத்தால் உண்மை தெரிந்துவிடும், தெரிந்ததை மறைக்க வேண்டியிருக்கும். கோப்பையை வென்ற பிறகு எடுத்த படத்தில்தான் எலும்பு முறிந்திருப்பது உறுதியானது.

அக்டோபர் 23 அன்று, ஆக்லாந்தின் ஈடன் பார்க் அரங்கில், மீண்டும் அதே பிரான்ஸ். டான் கார்ட்டர் தொடரின் நடுவிலேயே காயமடைந்து போயிருந்தார். அவருக்கு மாற்றான காலின் ஸ்லேடும் போய்விட்டார். மூன்றாமவரான ஆரன் க்ரூடன் இறுதி ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். நான்காவதாக வந்தவர் ஸ்டீபன் டொனால்ட். முதலில் அணியிலேயே இடம் பெறாத அவர், அழைப்பு வந்த நாட்களில் வைக்காட்டோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். டோனி வுட்காக்கின் ட்ரைக்குப் பிறகு, டொனால்டின் ஒரே பெனால்டி உதையால் 8-0. உடனே பிரான்ஸ் கேப்டன் தியரி டுசாட்வார் ட்ரை போட, 8-7.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் எந்த அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கார்டிஃப் ஆட்டத்தின் முடிவையும் இந்த அரை மணி நேரத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு கண்கூடாகத் தெரியும். பிரான்ஸ்தான் நன்றாக ஆடியது, ஆட்டநாயகனும் டுசாட்வாரே. ஆனால் நியூசிலாந்துக்காரர்கள் இம்முறை நிதானம் இழக்கவில்லை. ஆட்டம் நின்ற ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் ஒன்றாகக் கூடி, அடுத்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசிப் பிரிந்தார்கள். கடைசி நிமிடங்களில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரடி ஈரடியாக முட்டி நேரத்தைக் கடத்தினார்கள். முறிந்த எலும்போடு கேப்டன் கடைசி விசில் வரை களத்தில் நின்றார்.

இதைப் படிக்கும் இளம் ஆட்டக்காரர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முப்பது வயதைத் தொட்ட தொழில்முறை ஆட்டக்காரர், தன் உடலைப் பற்றித் தெரிந்தே எடுத்த முடிவு அது. பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் காயத்தை மறைத்து ஆடுவதற்கு இதை முன்மாதிரியாகக் காட்டும் பயிற்சியாளர்கள் பெரும் தவறு செய்கிறார்கள். மெக்காவே 2004-இல் தலையில் அடிபட்டதால் பல வாரங்கள் ஆடாமல் ஒதுங்கியிருந்து, முழுதாகத் தேறிய பிறகே திரும்பினார். அந்த முன்மாதிரியையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சென்னை வாசகி: களத்தில் பெரிதாக உரை நிகழ்த்தி அணியைத் தூண்டிவிடும் கேப்டனா அவர்?

அப்படிப்பட்டவர் அல்லர். குறைவாகப் பேசுபவர் என்றே உடன் ஆடியவர்கள் சொல்கிறார்கள். பயிற்சியாளர் ஹென்றி 2004 முதலே, முடிவெடுக்கும் பொறுப்பை மூத்த ஆட்டக்காரர்கள் சிலரிடம் பகிர்ந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தார். டான் கார்ட்டர், கீரன் ரீட், கான்ராட் ஸ்மித் போன்றோர் அந்த வட்டத்தில் இருந்ததால், எல்லாவற்றையும் கேப்டனே சொல்லித் தீர வேண்டிய தேவை மெக்காவுக்கு ஏற்படவில்லை. மற்றவர்கள் தயங்கும் வேலைக்கு முதலில் போவதுதான் அவர் அணியிடம் பேசிய முறை. மேலே சொன்ன ரக்கில், குனிந்து பந்தைப் பிடித்திருப்பவர் மீது நூறு கிலோவுக்கும் மேலான எடையுள்ளவர்கள் ஓடிவந்து மோதுவார்கள். அந்த மோதலை ஓர் ஆட்டத்துக்குப் பலமுறை தாங்கிவிட்டு எழுந்து வருபவரிடம், இன்னும் கடுமையாக உழைக்கச் சொல்கிறாரே என்று யாரும் முணுமுணுக்க முடியாது.

யாழ்ப்பாண வாசகர்: 2015 வெற்றியைப் பற்றியும் எழுதுங்கள்.

இங்கிலாந்தில் நடந்த அந்தத் தொடரை அவர் நல்லபடியாகத் தொடங்கவில்லை. வெம்ப்ளியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ஆட்டக்காரரைக் கால்தட்டி விட்டதற்காக மஞ்சள் அட்டை பெற்றுப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்தார். அரங்கே அவரைக் கேலி செய்து கூச்சலிட்டது. செய்தது முட்டாள்தனம் என்று அவரே ஒப்புக்கொண்டார். கால் இறுதி அதே கார்டிஃப் அரங்கில் அதே பிரான்ஸோடு அமைந்தது. 62-13 என வென்றார்கள். தென்னாப்பிரிக்காவை இரண்டே புள்ளியில், 20-18 எனத் தாண்டி, அக்டோபர் 31 அன்று ட்விக்கன்ஹாமில் ஆஸ்திரேலியாவை 34-17 என வீழ்த்தினார்கள். உலகக் கோப்பையைத் தொடர்ந்து இரண்டாம் முறையாக வென்ற முதல் அணி அதுவே.

ஓய்வு அறிவிப்பை அவர் சில வாரங்கள் தள்ளிவைத்தார். அறிவிக்கவிருந்த நேரத்தில், நவம்பர் 18 அன்று, அந்நாட்டு ரக்பியின் பெரும் நாயகன் ஜோனா லோமு நாற்பது வயதில் காலமானார். மறுநாள் நடந்த தன் ஓய்வுச் சந்திப்பை லோமுவுக்கு அஞ்சலி செலுத்தித்தான் மெக்காவ் தொடங்கினார்.

புதுச்சேரி வாசகர்: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்? அவர் விட்டுச்சென்றது என்று எதைச் சொல்வீர்கள்?

பறப்பது அவருக்குச் சிறு வயது ஆசை. அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில், லண்டனை நோக்கி ஏவப்பட்ட வி-1 பறக்கும் குண்டுகளை வானிலேயே வீழ்த்திய போர் விமானி. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே கிளைடர் ஓட்டப் பழகிய மெக்காவ், ஓய்வுக்குப் பின் ஹெலிகாப்டர் விமானியானார். 2016 நவம்பரில் கைகோரா பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுச் சாலைகள் துண்டிக்கப்பட்டபோது, ஹெலிகாப்டர் ஓட்டி மீட்புப் பணியில் உதவினார். 2011 வெற்றிக்குப் பின் சர் பட்டம் கொடுக்க அரசு முன்வந்தபோது, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேனே என்று மறுத்துவிட்டவர். 2016 தொடக்கத்தில் நாட்டின் மிக உயர்ந்த விருதான ஆர்டர் ஆஃப் நியூசிலாந்தை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய 148 டெஸ்ட் சாதனையை வேல்ஸ் நாட்டின் ஆலன் வின் ஜோன்ஸ் 2020-இல் கடந்தார். நியூசிலாந்துக்குள்ளேயே சாம் வைட்லாக் 2023-இல் தாண்டினார். சாதனைகள் அப்படித்தான் கைமாறும். கைமாறாமல் நிற்பது, நெருக்கடியில் நிதானமாக இருப்பதை டேக்கிலையும் உதையையும் போலவே நாள்தோறும் பயிற்சி செய்து பெறலாம் என்ற எண்ணம். அதை அவர் தலைமுறைதான் அந்த அணியில் வேரூன்றச் செய்தது. 2007-க்கு முன் மனநல மருத்துவரிடம் போகிறேன் என்று ஓர் ஆல் பிளாக் வெளியே சொல்வதே அரிது. பண்ணையில் வளர்ந்த, பேச்சு குறைந்த, எலும்பு முறிவையே பொருட்படுத்தாத ஒரு கேப்டன் தன் மனத்துக்கும் பயிற்சி தேவைப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னது, அடுத்து வந்த இளைஞர்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது.

அவருடைய இடத்தை நிரப்புவது எளிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கீரன் ரீட் தலைமையில் 2019-இல் அரை இறுதியில் இங்கிலாந்திடம் தோற்றார்கள். 2023 இறுதி ஆட்டத்தில் ஏழாம் எண் சட்டையணிந்த கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, தென்னாப்பிரிக்காவிடம் 11-12 எனக் கோப்பையை இழந்தார்கள். பதினான்கு பேரோடு ஆடி ஒரே புள்ளியில் தோற்ற அந்த ஆட்டத்துக்காகக் கேனை இகழ்ந்தவர்கள், 2007-இல் மெக்காவையும் இப்படித்தான் இகழ்ந்தோம் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஈரோடு வாசகி: என் மகனோடு சேர்ந்து பார்க்க, மெக்காவ் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்லுங்கள்.

உலகக் கோப்பை இறுதிகளைவிட, 2013 நவம்பர் 24 அன்று டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக நடந்த டெஸ்டைப் பாருங்கள். அந்த ஆண்டில் அதுவரை ஆடிய பதின்மூன்று டெஸ்டுகளையும் வென்றிருந்த நியூசிலாந்து, தொடக்கத்திலேயே 0-19 எனப் பின்தங்கியது, இடைவேளையில் 7-22. அதன்பின் அயர்லாந்துக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிய அரை நிமிடமே இருக்கும்போது, 17-22 என்ற நிலையில் தங்கள் பாதியில் ஒரு பெனால்டி கிடைக்கிறது. அங்கிருந்து பந்தை ஒருமுறைகூட நழுவவிடாமல் கைமாற்றிக்கொண்டே போய், நேரம் முடிந்த பின்னும் ஆட்டத்தை நிற்கவிடாமல் நகர்த்தி, ரையன் க்ராட்டி மூலையில் ட்ரை போடுகிறார், 22-22. அடுத்து ஆரன் க்ரூடன் உதைத்த பந்து கம்பத்தை விலகிப் போகிறது. ஆனால் அயர்லாந்துக்காரர்கள் உரிய நேரத்துக்கு முன்பே பாய்ந்து வந்துவிட்டதால் நடுவர் மறு உதை தருகிறார், இரண்டாவது உதை உள்ளே போகிறது, 24-22. முழு ஆட்டத்துக்கும் நேரமில்லையென்றால் கடைசிப் பத்து நிமிடங்களையாவது பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு டேக்கிலுக்குப் பிறகும் கருப்புச் சட்டை ஏழாம் எண் எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் கவனிக்கும்படி மகனிடம் சொல்லுங்கள்.